சங்க முற்றத்தில் ஒரு தைல மரம்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சங்கக் கட்டிடத்தின் முன்னுள்ள வெற்றிடத்தில் அழகுக்காகத் தைல மரம் வைக்கலாமா, வைத்தால் எவ்விதம் பேணுவது என்று உங்களில் பலர் வினவியிருக்கிறீர்கள். இம்மரத்தைக் குறித்து இருவித அபிப்பிராயங்கள் நாட்டில் உலவுகின்றன. இதனைப்போல் விரைவில் வளர்ந்து அழகு தரும் மரம் வேறில்லை என்பர் சிலர். ஊர்க் கிணற்றை வற்றச் செய்யும் மரம் இது என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. எந்த ஜாதியை, எத்தனை, எவ்விடத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே இம்மரம் நன்மையோ தீமையோ செய்யும்.

இதன் தாயகம் ஆஸ்திரேலியா. எழுநூறுக்கு மேற்பட்ட ஜாதிகள் உண்டு. நீலகிரிக்கு இது 1843-ம் வருஷத்தில் வந்தது. பின்னர் விறகுக் குறைவைத் தீர்க்கும் பொருட்டு அங்கே தோப்புத் தோப்பாக வளர்க்கப்பட்டது. ஜலதோஷத்திற்கு நாம் தடவும் நீலகிரித் தைலம், அங்குள்ள நீலத் தைல மரத்தின் இலையிலிருந்து வடிப்பதாகும். உதகமண்டலம் சென்று வருவோர் சிலர் அதன் கன்றையே கொணர்ந்து சமவெளியில் நட்டு ஏமாறுவதுண்டு. அது குளிர்ந்த மலைக்கு உரியது. நம் வெயிலில் செழிப்பதில்லை.

சமவெளியில் அழகுக்கு ஏற்றது எலுமிச்சை மணத் தைல மரமே. இது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பகுதியைச் சேர்ந்தது. பட்டை உரிந்தபின் அடிமரம் வெண்மையாகவும் வழவழப்பாகவும் தோன்றும். இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசனை வீசும். வெண்ணிறப் பூக்களைத் தேனீக்கள் நாடி வரும். 1995-ம் வருஷத்தில் தாவர சாஸ்திரிகள் இதனை யூகலிப்டஸ் இனத்தினின்று பிரித்துக் கோரிம்பியா என்னும் இனத்தில் சேர்த்தனர். ஆகையால் இரு பெயராலும் இது வழங்கும். இதன் இலையில் ஊறும் எண்ணெய் நீலகிரித் தைலம் அன்று. இரண்டில் எதனையும் உள்ளுக்குக் கொள்வது ஆபத்து.

இனி நடும் முறையைக் கூறுவேன். ஒரு முழத்துக்கு மேற்படாத இளங்கன்றையே வாங்குக. உயரமான கன்று கிடைக்கிறதென்று மகிழ வேண்டாம். பையினடியில் வேர் சுருண்ட கன்று நட்டபின்னும் நேராவதில்லை; மரமாகிய பிறகு பெருங்காற்றில் அடியோடு சாயும். ஒன்றரை அடி நீள அகல ஆழமுள்ள குழி தோண்டி, ஒரு கூடை மக்கிய எருவை மேல்மண்ணுடன் கலந்து இடுக. இளங்கன்றுக்குக் கறையானே முதற்பகை. ஆதலால் இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் சேர்ப்பது நலம். மழைக்காலத் தொடக்கத்தில், வேர்மண் உதிராதபடி பையைக் கிழித்தெடுத்து, பையில் இருந்த ஆழத்துக்கே நடவேண்டும். தண்ணீர் தேங்கும் பள்ளம் இதற்கு ஆகாது.

மழை இல்லாத நாட்களில் முதல் மாதம் ஒன்றுவிட்டு ஒருநாளும், முதற்கோடையில் வாரம் இருமுறையும், இரண்டாங் கோடையில் வாரம் ஒருமுறையும் தண்ணீர் விடுக. அதன்பின் வேர் தானே தேடிக்கொள்ளும். கன்றைச் சுற்றி மூன்றடிக்குக் களையின்றி வைத்திருக்க வேண்டும். ஆடுமாடுகள் இந்த இலையை விரும்பி மேய்வதில்லை. எனினும் உராய்ந்து ஒடிக்காதபடி முள்வேலி தேவை. ஊன்றுகோல் கட்டினால் கயிற்றைத் தளர்த்தியாகக் கட்டி, ஒரு வருஷத்தில் அவிழ்த்துவிடுக. காற்றில் சிறிது அசைந்தால்தான் அடிமரம் உரம் பெறும். நுனியை ஒருபோதும் வெட்டலாகாது. வெட்டிய இடத்தில் கிளைக்கும் புதுக் கொம்புகளுக்குப் பிடிப்பு வலுவில்லை. அவை ஒடிந்து கீழே நிற்பவர்மேல் விழும். உதிர்ந்த இலையையும் பட்டையையும் அவ்வப்போது பெருக்கி அகற்றுக. எண்ணெய்ப் பசையுள்ளதால் அவை எளிதில் தீப்பற்றும், மரத்தடியில் கொளுத்தலாகாது.

மேற்கூறியவற்றைவிட முக்கியமானது இடம். இம்மரம் நூறடிக்கு மேலும் வளரக்கூடும். கட்டிடத்துக்கும் மின்சாரக் கம்பிக்கும் ஐம்பதடியேனும் விலகி நிற்கட்டும். கிணற்றுக்கு நூறடிக்குக் குறைய வேண்டாம். வயல் வரப்பில் அறவே வேண்டாம். அதன் வேர் பயிருக்குரிய ஈரத்தையும் சத்தையும் கவரும். விரைவாய் வளரும் மரம் மிகுதியாய்த் தண்ணீர் பருகுவது இயற்கையே. ஒரு மரம் பருகுவதை ஊர் தாங்கும். தோப்பு பருகுவதை ஊர் தாங்குமா என்பதே கேள்வி. நிலத்தடி நீர் குறைவதை முன்னிட்டுக் கர்நாடக அரசாங்கம் 2017-ம் வருஷத்தில் புதிதாகத் தைல மரம் பயிரிடுவதைத் தடை செய்தது. நமது சங்கத்தின் பங்குப் பணம் போலவே கிணற்று ஜலமும் பொது முதலாகும். ஒருவர் ஆசைக்காக அதனைச் செலவிடுதல் நியாயமன்று.

நிழலை எண்ணி இதனை வைப்பவரும் ஏமாறுவர். இலைகள் வெயிலுக்கு விளிம்பைக் காட்டித் தொங்குவதால் அடர்ந்த நிழல் விழாது. ஆகவே என் யோசனை இது. கண்ணுக்கு இனிமையாக வாயிலருகே, தக்க தூரத்தில், எலுமிச்சை மணத் தைல மரம் ஒன்று வையுங்கள். கடன் மனுவுடன் காத்திருக்கும் அங்கத்தினர் உட்கார வேம்பும் புங்கும் வையுங்கள். பொதுச் சொத்துக்கு எல்லாரும் உடையவர், தண்ணீர் விடுபவர் ஒருவருமில்லை என்ற நிலை நேராதபடி, இரண்டு கோடைக்கும் யார் பொறுப்பு என்பதை இன்றைய கூட்டத்திலேயே தீர்மானித்துப் புஸ்தகத்தில் எழுதிவிடுங்கள்.