அருகிருந்து கற்றல்



வெள்ளிவிழா மேடையில் குரங்குகளைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் புருவம் நெரிக்கக்கூடும். அதில் நியாயம் உண்டு. விலங்கோடு ஒப்பிட்டு நம்மை இழிவு செய்தவர்கள் வாழ்ந்த நாடு இது. ஆயினும், "அவரவர் குணம் பிறப்பிலேயே அமைவது" என்று நம்மிடம் ஓதப்பட்ட வாதத்தை அறிவியலாளர் காட்டில் அமர்ந்தே சோதித்திருக்கின்றனர். அச்செய்தியை நம் பிள்ளைகள் அறியவேண்டும் என விழைகிறோம்.

ஒரு குரங்கு செய்வதை மற்றொன்று கண்டு பழகி, தலைமுறைதோறும் அது தொடருமாயின், அதனை அக்கூட்டத்தின் மரபு என்பர். அது உதிரத்தில் வருவதன்று, கண்ணால் வருவது.

கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்தோரும் பிறரும் நிக்கோபார்த் தீவின் நீள்வால் குரங்குகளை ஆராய்ந்து 2018இல் எழுதினர். உணவை நீரில் கழுவுதல், இலையில் சுற்றித் தேய்த்தல், பற்களின் இடுக்கைத் துப்புரவு செய்தல் முதலிய செயல்களை அவர்கள் பதிவு செய்தனர். இத்தகைய திறன்கள் ஒரே இனத்தில்கூடக் கூட்டத்திற்குக் கூட்டம் வேறுபடுகின்றன.

அதே ஆண்டில் பெங்களூர் ஆய்வாளர்கள் பண்டிப்பூர் காட்டில் வாழும் நம் நாட்டுக் குரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். தமக்குள் தொடர்புகொள்ள எழுப்பும் மெல்லொலியை அவை உணவு வைத்திருக்கும் மனிதரை நோக்கி எழுப்பின, கையையும் நீட்டின. கொடுப்பவர் முகத்தைப் பார்த்தபடியே கேட்டன. இதைப் படித்தபோது நாம் சற்று நேரம் மௌனமானோம். காட்டில் பிறந்த குரங்குக்குக் கையேந்துவது பிறவிக் குணமா? வண்டியை நிறுத்தி உணவு வீசியவர்களே அதைப் பழக்கினர் என்பது நம் துணிபு. பழக்கியவனே பின்னர் "இவை பிச்சைக் குணம் உடையவை" என்பான்.

இத்துறையில் புகழ்பெற்ற நிகழ்ச்சி ஜப்பான் நாட்டுக் கோஷிமா தீவில் நடந்தது. கடற்கரை மணலில் ஆய்வாளர் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் போட்டுவந்தனர். 1953ஆம் ஆண்டு செப்டம்பரில், ஒன்றரை வயதுப் பெண்குட்டி ஒன்று மணல் ஒட்டிய கிழங்கை ஓடை நீரில் கழுவித் தின்றது. அதற்கு இமோ என்று பெயர். அதனைக் கண்டு குறித்தவர் பெரிய பேராசிரியர் அல்லர். சத்சுவே மித்தோ என்னும் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியை. முதலில் விளையாட்டுத் தோழர் கற்றனர். பெற்ற தாயும் மகளிடமிருந்து கற்றது. 1958க்குள் இரண்டு முதல் ஏழு வயதுக்கு உட்பட்ட 19 குரங்குகளில் 15 கழுவக் கற்றுவிட்டன. முதிர்ந்த 11இல் இரண்டே கற்றன. முதிர்ந்த ஆண் குரங்குகள் இளையோரிடமிருந்து விலகியே இருந்தன. அருகில் இல்லை, ஆகவே கற்கவும் இல்லை. பின்னாளில் பிறந்த குட்டிகளோ தாய்மடியிலிருந்தே கண்டு பழகின. ஓடையை விட்டுக் கடல்நீரில் தோய்த்துத் தின்னவும் தலைப்பட்டன. உப்புச் சுவை பிடித்துப்போயிற்று போலும்! கட்டுமாவடிக் கடலோரத்தில் வளர்ந்த நமக்கு அதில் வியப்பில்லை.

நூறாவது குரங்கு கற்றவுடன் பிற தீவுக் குரங்குகளும் தாமாகவே கற்றுக்கொண்டன என்றொரு கதை 1979 முதல் உலவுகிறது. அது வெறுங்கதை. கல்வி அவ்வாறு காற்றில் பரவுவதில்லை. ஒருவர் அருகே ஒருவர் அமர்ந்தாகவேண்டும்.

நாற்று நடவும் வலை பழுதுபார்க்கவும் நம்மவர் அவ்வாறுதான் கற்றனர். எழுத்தை மட்டும் அருகிருந்து காண நம்மை விடவில்லை. சதாராப் பள்ளியில் சிறுவன் அம்பேத்கர் தன் வீட்டுச் சாக்குத்துணியை விரித்துத் தனியே அமரவேண்டியிருந்தது. அந்தச் சில முழத் தொலைவு எதற்காக என்பதை இப்போது எண்ணிப் பாருங்கள்.

நம் கழகத்தின் மாலை வகுப்பில், பத்தாம் வகுப்பு மாணவர் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து தம் பாடத்தைப் படிக்கும் ஏற்பாடு இருந்துவருகிறது. தேர்வு நெருங்குவதால் பெரிய பிள்ளைகளைத் தனி அறைக்கு மாற்றலாம் என்று சென்ற கூட்டத்தில் பேச்சு எழுந்தது. மாற்றவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இத்தனை தூரம் பேசினோம். தாய்மார்களும் வந்து அமர, பின்சுவரை ஒட்டி ஒரு பாயும் விரித்துவைப்போம்.