தராசைச் சரிசெய்துவிட்டு உரிமை பேசுவோம்!

(கூடலூரில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சமுதாய உரிமைகள் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறீர்கள். வழக்கமாக இத்தகைய மேடைகளில் நமக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வோம். நீங்களும் உணர்ச்சிவசப்படுவீர்கள். தக்பீர் முழங்கிவிட்டுக் கலைந்து போவோம். இன்று நான் வேறொரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நமக்கு ஓர் அநீதி நடந்தால் நாடே திரண்டு வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அடுத்தவனுக்கு அநீதி நடந்தபோது நாம் எங்கே இருந்தோம்? அதைவிடக் கசப்பான கேள்வி ஒன்றும் இருக்கிறது. அந்த அநீதியில் நம்முடைய கடைத் தராசுக்கும் பங்கு இருந்ததா?

கோபப்படாதீர்கள். கடைசிவரை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மக்காவில் ஏமாற்றப்பட்ட வணிகர்

அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு அப்போது ஏறத்தாழ இருபது வயது. நபித்துவம் அருளப்படவில்லை. யமன் நாட்டு வணிகர் ஒருவர் மக்காவுக்குச் சரக்கோடு வருகிறார். ஆஸ் இப்னு வாயில் என்ற செல்வாக்குள்ள குறைஷித் தலைவர் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தர மறுக்கிறார். வெளியூர்க்காரர், கேட்பதற்கு ஆள் இல்லை. அந்த வணிகர் அபூகுபைஸ் மலைமீது ஏறி நின்று, கஅபாவின் நிழலில் அமர்ந்திருந்த தலைவர்கள் காதில் விழும்படி முறையிடுகிறார்.

என்ன நடந்தது? மனசாட்சி உள்ள சில குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் கூடினார்கள். மக்காவில் அநீதி இழைக்கப்பட்டவர் உள்ளூர்க்காரராக இருந்தாலும் அந்நியராக இருந்தாலும், அவருடைய உரிமையைப் பெற்றுத் தரும்வரை ஒரே அணியாக நிற்போம் என்று ஒப்பந்தம் செய்தார்கள். அந்த வணிகரின் பொருளையும் மீட்டுக் கொடுத்தார்கள். இதுதான் ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’. அந்தச் சபையில் இளைஞர் முஹம்மதும் இருந்தார்கள். பிற்காலத்தில் அல்லாஹ்வின் தூதராக ஆன பிறகும், அப்படியோர் ஒப்பந்தத்திற்கு இப்போது அழைக்கப்பட்டாலும் ஏற்றுக்கொள்வேன் என்ற கருத்தில் அதை நினைவுகூர்ந்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! அந்த ஒப்பந்தத்தைச் செய்தவர்கள் யார்? இஸ்லாம் வருவதற்கு முன்பு சிலைகளை வணங்கிக்கொண்டிருந்தவர்கள். நீதிக்காக அவர்களோடு உட்கார்ந்ததைப் பெருமானார் (ஸல்) குறையாகக் கருதவில்லை. பிற சமுதாயத்தவரோடு சேர்ந்து உரிமைக்குக் குரல் கொடுத்தால் ஈமான் கலைந்துவிடுமோ என்று தயங்குகிற சகோதரர்களுக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா?

நம் கண்ணெதிரே நடந்த வரலாறு

மக்காவுக்குப் போக வேண்டாம். இதே கூடலூருக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் நீலகிரி மாவட்டத்தில் வாழ்கின்றன. காடு திருத்தப்பட்டது, தேயிலை வந்தது, காப்பி வந்தது, கேரளத்திலிருந்தும் சமவெளியிலிருந்தும் மக்கள் வந்தார்கள். நாமும் வந்தோம். அப்போதெல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போனவர்கள் இவர்கள்தாம். பணியர்கள் தலைமுறை தலைமுறையாக நிலக்கிழார்களிடம் கட்டுண்டு உழைத்தவர்கள். கொத்தடிமை முறையை 1976-இல் சட்டம் ஒழித்தது. ஆனால் சட்டம் ஒழித்ததை வழக்கம் உடனே ஒழித்துவிடவில்லை.

1980-களின் நடுவில் ஸ்டான் தேக்கேகரா, மாரி தேக்கேகரா தம்பதியர் கூடலூரில் ‘அக்கார்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இருவரும் ஆதிவாசிகள் அல்லர். அவர்கள் ஊர் ஊராகச் சென்று ஆதிவாசிகளை உட்கார வைத்துப் பேசினார்கள். ஊருக்கொரு சங்கம் உருவானது. எல்லாம் சேர்ந்து ‘ஆதிவாசி முன்னேற்றச் சங்கம்’ ஆயிற்று. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என்று மொழியாலும் பழக்கத்தாலும் வேறுபட்டவர்கள் ஒரே சங்கத்தில் அமர்ந்தார்கள். 1988 டிசம்பர் 5 அன்று ஏறத்தாழ பத்தாயிரம் ஆதிவாசிகள் நில உரிமை கேட்டு இந்தக் கூடலூர் வீதிகளில் ஊர்வலம் வந்தார்கள். கடைக்காரரைக் கண்டால் தலைகுனிந்து நின்றவர்கள், கடைவீதி வழியாகத் தலைநிமிர்ந்து நடந்தார்கள்.

அவர்கள் கல்லெறியவில்லை. தங்கள் நிலத்தில் தேயிலை நட்டார்கள். வெற்று நிலம் என்று சொல்லி இனி யாரும் எடுத்துக்கொள்ள முடியாது அல்லவா? 1990-இல் தங்களுக்கென்று ஒரு மருத்துவமனை கண்டார்கள். அதில் ஆதிவாசிப் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியர் ஆனார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கண்டார்கள்.

நம் எண்ணிக்கை என்ன, அவர்கள் எண்ணிக்கை என்ன? நம் வசதி என்ன, அவர்கள் வசதி என்ன? ஆனால் அமைப்பாக நின்றது யார்?

ஒரு பேரேட்டின் கதை

நான் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில், விடுமுறைக்கு இந்தப் பக்கத்தில் உறவினர் ஒருவரின் மளிகைக் கடையில் வந்து உட்காருவேன். வயதான பணியப் பெண்மணி ஒருவர் கொஞ்சம் மிளகு கொண்டுவந்து போடுவார். அரிசி, உப்பு, புகையிலை வாங்கிப் போவார். மிளகின் விலை என்ன என்று அவர் கேட்டதே இல்லை. அரிசியின் விலையையும் கேட்டதில்லை. அவர் கேட்கும் ஒரே கேள்வி: “இன்னும் எவ்வளவு பாக்கி?”

ஒருநாள் அவருடைய ஊர் இளைஞர் ஒருவர் கூடவே வந்தார். சத்தம் போடவில்லை. “பேரேட்டைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க காக்கா” என்றார். என்னைத்தான் வாசிக்கச் சொன்னார் உறவினர். வாசித்தேன். பாதிப் பக்கத்துக்கு மேல் என் நாக்கு நகரவில்லை. மிளகு கொண்டுவந்து போட்ட நாட்கள் பல அதில் இல்லவே இல்லை. வாங்காத நாட்களில் வாங்கியதாக எழுதியிருந்தது. உறவினர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டார். அவரும் ஐந்து வேளை தொழுகிறவர்தான்.

நான் ஓதிக்கொண்டிருந்த குர்ஆனில் அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டிக்க ஒரு அத்தியாயமே இருக்கிறது. ஷுஐப் நபியின் சமூகம் எதற்காக அழிந்தது என்று ஜும்ஆ மேடையில் நாம் சொல்லாத ஆண்டு உண்டா? அந்த அத்தியாயத்தை எனக்கு விளங்க வைத்தவர் அரபி தெரியாத ஓர் ஆதிவாசி இளைஞர். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எல்லா வணிகரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. நேர்மையால் பெயர் வாங்கிய கடைகள் நம்மிடம் நிறைய உண்டு. ஆனால் ஒரு கடையின் பேரேடு ஒரு சமுதாயத்தின் பெயரைக் கெடுக்கும். கலவர நாளில் யாரும் கடையின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், சமுதாயத்தின் பெயரைத்தான் சொல்வார்கள்.

சிலோன்காரரின் காகிதம்

அடுத்து, தோட்டத்து லயன்களில் இருக்கும் தாயகம் திரும்பியோரைப் பாருங்கள். ‘சிலோன்காரர்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். 1948-இல் இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. தகப்பன் அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த கூலிக்கு ஏது சான்று? இலட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். வாக்குரிமையும் போயிற்று. 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை தருவதற்காகத்தான் 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. இன்று நாம் டான்டீ என்கிறோம்.

2019-இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது நாம் வீதிக்கு வந்தோம். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தவரைச் சட்டம் சொன்னது. முஸ்லிம்களை விட்டது. இலங்கையிலிருந்து அகதியாக வந்த தமிழர்களையும் விட்டது. இரண்டையும் சேர்த்துப் பேசியதால்தான் அது தமிழ்நாட்டின் பொதுக் குரலாயிற்று. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்திலும் அச்சட்டத்திற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேறியது.

காகிதம் இல்லாமல் போனால் மனிதனுக்கு என்ன ஆகும் என்பது நமக்கு அச்சம். அவர்களுக்கு அது அனுபவம். அந்த அனுபவத்தைக் கேட்க நாம் எத்தனை முறை லயன் வாசலில் போய் உட்கார்ந்தோம்?

நமக்காக வந்தவர்கள்

மலையிலிருந்து இறங்கினால் கோவை. 1997 நவம்பர் இறுதியில் ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14-இல் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். காவலரின் உயிரும் உயிர்தான், கடைவீதியில் மாண்டவர்களின் உயிரும் உயிர்தான். ஒன்றைக் காட்டி இன்னொன்றை நியாயப்படுத்த மார்க்கத்தில் இடமில்லை.

அந்த நாட்களில் நம்மோடு பேசவே பலர் அஞ்சினார்கள். அப்போதும் உண்மையை அறிய வந்தவர்கள் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், ஜெயப்பிரகாஷ் நாராயணின் முயற்சியால் உருவான மக்கள் சிவில் உரிமைக் கழகம் போன்ற அமைப்புகள் அவை. அவற்றில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர் அல்லர். நம் ஓட்டை எதிர்பார்த்தும் அவர்கள் வரவில்லை.

அவர்கள் நமக்குச் செய்ததை நாம் யாருக்குச் செய்தோம் என்பதுதான் கேள்வி.

என்ன செய்யலாம்?

“நம் பிரச்சினையே தலைக்கு மேல் கிடக்கிறது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்” என்று சிலர் சொல்வீர்கள். சகோதரர்களே, உரிமை என்பது கல்லாவில் இருக்கும் பணமல்ல, பிறருக்குக் கொடுத்தால் குறைந்துபோக. இந்தக் கூடலூரின் ஜென்ம நிலங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1969-இல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தது. அதையொட்டி எழுந்த வழக்கில்தான் 2007 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் வைத்த சட்டமானாலும், அரசியலமைப்பின் அடிப்படைக்கு ஒத்திருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என்பது அந்தத் தீர்ப்பு. நம் ஊர் மண்ணின் வழக்கு நாட்டுக்கே சட்டமாயிற்று! பட்டா இல்லாமல் மின் இணைப்புக்கு அலைந்த குடும்பங்கள் எல்லாச் சமுதாயத்திலும் உண்டு. தனித்தனியாக அலைந்தோம். சேர்ந்து நின்றிருந்தால்?

ஆகவே, இளைஞர்களுக்கும் வணிகர்களுக்கும் சில வேண்டுகோள்கள்.

வணிகர்களே! முதலில் தராசு. எடையை வாங்குபவர் பார்க்கும்படி நிறுங்கள். கொடுக்கல் வாங்கலை ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ரேஷன் கார்டையோ நிலப் பத்திரத்தையோ அடகாக வாங்காதீர்கள். ஆதிவாசி நிலத்தை ஏமாற்றி எடுப்பது மறுமையில் மட்டுமல்ல, 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி இம்மையிலும் குற்றம். அப்படிப்பட்ட நிலம் யாரிடமாவது இருந்தால் திருப்பிக் கொடுங்கள். திருப்பிக் கொடுக்காதவருக்காக ஜமாஅத் பரிந்து பேசக் கூடாது.

இளைஞர்களே! பள்ளிவாசல் வளாகத்தில் வாரம் ஒருநாள் மாலை இரண்டு மேசை போடுங்கள். சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, வாக்காளர் பட்டியல், பட்டா மனு என்று எவர் வந்தாலும் எழுதிக் கொடுங்கள். “எந்த மஹல்லா?” என்று கேட்காதீர்கள். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதை அவர்களுக்கும் சொல்லுங்கள், நம் தாய்மார்களுக்கும் சொல்லுங்கள். 2006-இன் வன உரிமைச் சட்டத்தைப் படியுங்கள். அதில் ஆதிவாசிக்கு என்ன உரிமை என்று தெரிந்தால், ‘நம் நிலம் போய்விடும்’ என்று கிளப்பப்படும் வதந்தி எது, உண்மை எது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே! ஆண்டுக்கு ஒருமுறை இஃப்தாருக்கு அதிகாரிகளை அழைத்துப் படம் எடுத்துக்கொண்டால் நல்லிணக்கம் ஆகிவிடாது. ஆதிவாசிச் சங்கத்தாரையும், தோட்டத் தொழிலாளர்களையும், படுகர் ஊர்ப் பெரியவர்களையும் அழையுங்கள். நாம் பேசாமல் அவர்களைப் பேச விடுங்கள். நம்மைப் பற்றி அவர்களுக்குக் குறை இருக்கும். அதைக் காது கொடுத்துக் கேட்பதுதான் நல்லிணக்கத்தின் முதல் பாடம்.

சகோதரர்களே! மலைமீது ஏறி நின்று முறையிட்ட அந்த யமன் வணிகரை நினைத்துப் பாருங்கள். நாமும் மலைமேல்தான் வாழ்கிறோம். இங்கேயும் யாரோ ஒருவர் முறையிட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அந்தக் குரல் தன் காதில் விழுந்தது என்று எழுந்து வந்தவர்களின் வரிசையில் நாம் இருக்கப்போகிறோமா, அல்லது சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தராத ஆஸ் இப்னு வாயிலின் வரிசையிலா?

இன்று இரவு கடையை அடைக்கும் முன் பேரேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கோடு போட வேண்டிய பக்கம் இருந்தால் போட்டுவிடுங்கள். நாளை உரிமை கேட்டு நாம் வீதிக்கு வரும்போது நம் குரலுக்கு அதுவே வலிமை சேர்க்கும்.

வல்ல அல்லாஹ் நம் தராசுகளையும் உள்ளங்களையும் நேராக்கி வைப்பானாக. ஆமீன்.