ரெண்டாவது பம்ப் ஓடுது, ஆனா பெட்ரோல் போகலை

டர்போ எபிசோடுக்கு அப்புறம் அதிகமா வந்த கேள்வி இதுதான்: "டர்போ பெருசாக்கியாச்சு, இன்ஜெக்டர் மாத்தியாச்சு, பெட்ரோல் பத்தலை. டேங்க்குள்ள இன்னொரு பம்ப் போட்டா வேலை முடிஞ்சிடுமா?" போடலாம். ஆனா போட்டதுக்கு அப்புறம் ஒரு கோளாறு வந்தா அதை எங்க தேடுறதுங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட். ஏன்னா ரெண்டு பம்ப் இருக்கிற கார்ல வர்ற கோளாறு, ஒரு பம்ப் கார்ல வர்ற மாதிரி நேர்மையா வராது.

முதல்ல பிரஷர் கணக்கு. இது புரிஞ்சா மீதி எல்லாம் சுலபம். இன்ஜெக்டர்ங்கிறது ஒரு சின்னக் குழாய். அதுக்கு ஒரு பக்கம் ரெயில்ல இருக்கிற பெட்ரோல் பிரஷர், இன்னொரு பக்கம் இன்டேக் மேனிஃபோல்டுல இருக்கிற காத்து பிரஷர். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் பெட்ரோலைத் தள்ளுது. நிறைய கார்ல அந்த வித்தியாசம் 3 பார். இப்போ டர்போ 1.5 பார் பூஸ்ட் கொடுக்குதுன்னு வைங்க. காத்து இன்ஜெக்டரோட வாயிலயே எதிர்த்து நிக்குது. அதனால ரெயில் பிரஷரும் 1.5 ஏறி 4.5 ஆகணும். இதைப் பண்றது ரெகுலேட்டர். மேனிஃபோல்டுல இருந்து ஒரு சின்ன ஹோஸ் அதுக்கு வரும். பூஸ்ட் ஏற ஏற அதே அளவு பெட்ரோல் பிரஷரும் ஏறணும், ஒண்ணுக்கு ஒண்ணு.

இதுல ஒரு கொடுமை என்னன்னா, பம்ப்போட டப்பா மேல "மணிக்கு 255 லிட்டர்"னு போட்டிருப்பாங்க. அது 3 பார் பக்கத்துல, முழு வோல்டேஜ்ல அளந்தது. 4.5 பாரை எதிர்த்துத் தள்ளும்போது அளவு கணிசமா இறங்கிடும். 500 குதிரைத்திறன் வேணும்னா டர்போ பெட்ரோல் இன்ஜினுக்குத் தோராயமா மணிக்கு 185 லிட்டர் வேணும். காகிதத்துல ஒரு பம்ப் போதும். டிராக்ல அது விளிம்புல நிக்குது. அதனாலதான் ரெண்டாவது பம்ப்.

சரி, ரெண்டையும் எப்பவும் ஓட விட்டா என்ன? ஐடில்ல இன்ஜின் குடிக்கிறது கொஞ்சம்தான். மீதி அத்தனை பெட்ரோலும் ரெகுலேட்டர் வழியா டேங்க்குக்குத் திரும்பணும். ரிட்டர்ன் லைன் சின்னதா இருந்தா திரும்ப வழியில்லாம பேஸ் பிரஷரே 3-ல இருந்து 4-க்கு ஏறிடும். சுத்திச் சுத்தி வர்ற பெட்ரோல் சூடும் ஆகும். அதனால ரெண்டாவது பம்ப்பைப் பூஸ்ட் வந்தா மட்டும் ஓடுற மாதிரி வைப்பாங்க. ஒரு பிரஷர் சுவிட்ச், ஹாப்ஸ் சுவிட்ச்னு சொல்வாங்க, அரை பார் பூஸ்ட்ல ரிலேயை ஆன் பண்ணும்.

நான் சாப்ட்வேர் ஆளு. ரெண்டு சர்வர் இருந்தா ஒண்ணு விழுந்தாலும் இன்னொண்ணு தாங்கும்னு யோசிச்சே பழக்கம். இங்க அந்த யோசனை நேர் எதிரா வேலை செய்யுது. ரெண்டாவது பம்ப் பேக்கப் கிடையாது. இன்ஜினுக்கு ரெண்டும் சேர்ந்தாத்தான் பத்தும்ங்கிற நேரத்துல மட்டும் அது வேலைக்கு வருது. அது செத்துப்போனா ஆபீஸ் போற வழியில உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஃபுல் த்ராட்டில்ல, பூஸ்ட்ல, 6000 ஆர்பிஎம்ல தெரியும். அங்க பெட்ரோல் குறைஞ்சா இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும், பிஸ்டன்ல ரிங் உக்கார்ற இடம் உடையும். சில செகண்ட் போதும்.

இப்போ ஒரு கேஸ். நண்பன் ஒருத்தனோட மிட்சுபிஷி எவோ டென். 2 லிட்டர், 4பி11 டர்போ இன்ஜின், 500-ஐத் தொடுற ட்யூன். டிராக்குக்கு மட்டும் டிரெய்லர்ல ஏத்திட்டுப் போற வண்டி. (ரோட்ல ஓட்டுற வண்டின்னா மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாது. அதுக்குத் தனி எபிசோட் போடலாம், சண்டை நிறைய வரும்.) இருங்காட்டுக்கோட்டை டிராக்ல நேர் ரோட்டுல நாலாவது கியர்ல போகும்போது லாம்டா 0.78-ல இருக்க வேண்டியது 5500 ஆர்பிஎம் தாண்டினதும் 0.90-க்கு ஓடுது. அதாவது காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. அவன் உடனே காலை எடுத்துட்டான். அதுதான் இன்ஜினைக் காப்பாத்துச்சு.

வேலை பார்த்த இடத்துல பிளக் மாத்தினாங்க. இன்ஜெக்டர் கிளீன் பண்ணாங்க. அப்புறம் "ட்யூன்ல கொஞ்சம் பெட்ரோல் சேர்த்துடலாம்"னு சொன்னாங்க. இந்தக் கடைசி யோசனைதான் எனக்குப் பயமா இருந்துச்சு. பெட்ரோல் வந்து சேரலைன்னா இன்ஜெக்டரை அதிக நேரம் திறந்து வைக்கிறது, தண்ணி வராத குழாயை இன்னும் ரெண்டு சுத்து திறக்குற மாதிரி. நம்பர் ஒருநாள் சரியா தெரியும், மறுநாள் தெரியாது. பம்ப்பைப் பத்திக் கேட்டா, "ரெண்டும் ஓடுது தம்பி, சத்தம் கேக்குது பாரு"ன்னு சொன்னாங்க. கேட்டுச்சு, உண்மைதான்.

லாம்டாவை மட்டும் பார்த்துட்டு இருந்தா இதுக்கு முடிவே இல்லை. லாம்டா விளைவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ரெயில்ல ஒரு பிரஷர் சென்சார் போட்டு, மேனிஃபோல்டு பிரஷரையும் சேர்த்து லாக் எடுத்தோம். 5200 வரைக்கும் ரெண்டு கோடும் கைகோர்த்து ஏறுது. அதுக்கு மேல பூஸ்ட் 1.5-ல நிக்குது, ரெயில் 4.5-ல இருந்து வழுக்கி 3.7-க்கு வருது. வித்தியாசம் 2.2 பார்தான். இன்ஜெக்டர்ல பெட்ரோல் அளவு பிரஷரோட வர்க்கமூலத்துல மாறும். 2.2-ஐ 3-ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 0.86. அதாவது 14 சதவீதம் பெட்ரோல் காணோம். 0.78-ஐ 0.86-ஆல வகுத்துப் பாருங்க, 0.91 வருது. லாக்ல இருந்த நம்பரே கிட்டத்தட்ட அதுதான். அப்போ இன்ஜெக்டர் நிரபராதி, ட்யூனும் நிரபராதி. பெட்ரோல் ரெயிலுக்கே வரலை.

அடுத்து வோல்டேஜ். பேட்டரில அளக்காதீங்க, பம்ப் கனெக்டர்ல அளங்க, பம்ப் ஓடும்போது அளங்க. கம்பெனி கொடுத்த மெல்லிசான ஒயர்லயே பெரிய பம்ப்பை ஓட்டினா வழியிலேயே ஒரு வோல்ட் தொலைஞ்சிடும், பம்ப் மெதுவாகிடும். கிரவுண்டு ஒயரையும் பாருங்க, முக்காவாசி பேர் அதை மறந்துடுவாங்க. இந்த வண்டில ரெண்டு பம்ப்புக்கும் தனித்தனி ரிலே, தனி ஃபியூஸ், தடிமனான ஒயர். சுத்தமா இருந்துச்சு.

அப்புறம் ஒவ்வொரு பம்ப்பா தனியா ஓட்டிப் பார்த்தோம். நம்ம பாஷைல யூனிட் டெஸ்ட். இன்ஜின் ஆஃப், பேட்டரிக்கு சார்ஜர் மாட்டியாச்சு (இல்லைன்னா வோல்டேஜ் கம்மியா இருந்து பம்ப் மேல தப்பா பழி விழும்), ஒரு பம்ப் ஃபியூஸை எடுத்துட்டு இன்னொண்ணோட ரிலேவை நேரா ஆன் பண்ணோம். முதல் பம்ப்: 3 பார். ரெண்டாவது பம்ப்: அதுவும் 3 பார். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க.

இங்கதான் நிறைய பேர் நிறுத்திடுவாங்க. ஆனா வண்டி தோக்குறது 3 பார்ல இல்லையே, 4.5-ல. ஷெட்டுக்குள்ள 4.5-ஐ எப்படி வரவைக்கிறது? சைக்கிள் பம்ப். ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்டுல இருந்து வர்ற சின்ன ஹோஸைக் கழட்டிட்டு அந்த இடத்துல கேஜ் வெச்ச சைக்கிள் பம்ப்பை மாட்டி 1.5 பார் காத்து அடிச்சா, ரெகுலேட்டர் பூஸ்ட்னு நம்பிடும். வண்டி நகரவே வேண்டாம். ரெகுலேட்டர் டயஃப்ரம் ஓட்டையா இருந்தாலும் காத்து நிக்காம இறங்கிக் காட்டிக் கொடுத்துடும்.

முதல் பம்ப் 4.5-க்கு ஏறி நின்னுச்சு. ரெண்டாவது 3.4-ல மாட்டிக்கிச்சு. எவ்வளவு காத்து அடிச்சாலும் அதுக்கு மேல போகலை. கிளாம்ப் மீட்டர்ல கரண்ட் இன்னும் தெளிவா சொல்லுச்சு. பம்ப் எவ்வளவு பிரஷரை எதிர்த்துத் தள்ளுதோ அவ்வளவு கரண்ட் இழுக்கும். முதல் பம்ப் 7 ஆம்ப்ல இருந்து ஒன்பதரைக்குப் போச்சு. ரெண்டாவது ஏழரையோட நின்னுடுச்சு. மோட்டார் ஜோரா சுத்துது, சுமை மட்டும் இல்லை. ஓடுறது வேற, தள்ளுறது வேற.

டேங்க்கைத் திறந்து அசெம்பிளியை வெளிய எடுத்தோம். ரெண்டாவது பம்ப்புக்கும் மேல் மூடிக்கும் நடுவுல ஒரு சாண் கூட இல்லாத ரப்பர் ஹோஸ். கிளாம்புக்குப் பக்கத்துல நீளவாக்குல ஒரு கீறல். கையில பார்த்தா மூடித்தான் இருக்கு, வளைச்சாத்தான் வாயைத் திறக்குது. 3 பார் வரைக்கும் தாங்குது, அதுக்கு மேல பெட்ரோலை டேங்க்குக்குள்ளயே கொட்டிடுது. வெளிய ஒரு சொட்டு கசியாது, வாசனையும் வராது. ரெண்டு லைனும் சேர்ற இடத்துல செக் வால்வ் இருந்ததால முதல் பம்ப்போட பெட்ரோல் இந்தப் பக்கம் திரும்பலை. அது இல்லாம இருந்திருந்தா முதல் பம்ப்பும் இந்தக் கீறல் வழியா காலியாகியிருக்கும். என்ன ஒரு வேலைக்காரன் பாருங்க, தேவையில்லாத நேரத்துல கூட நிக்கிறான், தேவைப்படும்போது காணாமப் போயிடுறான்.

காரணம் சாதாரணம். கடையில கிடைக்கிற ஃபியூயல் ஹோஸ் உள்ள பெட்ரோல், வெளிய காத்துன்னு இருக்கிறதுக்காகச் செஞ்சது. டேங்க்குக்குள்ள வெளிப்பக்கமும் முழுகி இருக்கும். அதுக்குன்னு தனி ஹோஸ் இருக்கு, மேல எஸ்ஏஇ 30ஆர்10னு அச்சடிச்சிருக்கும். விலை ஜாஸ்தி, நீளம் ஒரு சாண்தான் தேவை. அதுல மிச்சம் பிடிக்காதீங்க. திருகு வெச்ச பல் கிளாம்ப்பும் ஹோஸைக் கடிக்கும், முழு வட்டமா இறுக்குற கிளாம்ப் போடுங்க. ஒரு விஷயம் இங்க சத்தமா சொல்லணும்: டேங்க் திறக்கிற வேலை காத்தோட்டமான இடத்துல, பேட்டரியைக் கழட்டிட்டு, தீயணைப்பான் கைக்கு எட்டுற தூரத்துல. பெட்ரோலை விட அதோட ஆவிதான் ஆபத்து.

ஹோஸ் மாத்தினதும் 4.5 வந்துச்சு. டிராக்லயும் வந்துச்சு. ஆனா நான் அதோட விடலை. அந்த பிரஷர் சென்சாரை நிரந்தரமா ஈசியுல கோர்த்துட்டோம். ரெயில் பிரஷர்ல இருந்து மேனிஃபோல்டு பிரஷரைக் கழிச்சா 3 வரணும். பூஸ்ட்ல அது 2.6-க்குக் கீழ ஐந்தில் ஒரு செகண்ட் இருந்தாலே ஈசியு பூஸ்ட்டை வெட்டிடும். டிரைவர் காலை எடுக்கிறதை நம்பி இருக்க வேண்டாம். ரெண்டு பம்ப் போடுற எல்லாருக்கும் நான் இதைச் சொல்றேன்: பம்ப்புக்கு முன்னாடி சென்சாரை வாங்குங்க. காசு பத்தலைன்னா பூஸ்ட்டைக் குறைச்சு ஒரு பம்ப்லயே ஓட்டுங்க.

கடைசியா, ஈ20 பத்திக் கேட்டவங்களுக்கு. ஆமா, கணக்கு மாறும். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துக்கு ஒரு பங்கு, ஈ20-க்கு 13.5 பக்கம். அதே காத்துக்கு எட்டு, ஒன்பது சதவீதம் அதிகப் பெட்ரோல் போகணும், அதையும் உங்க பம்ப்தான் தூக்கணும். பழைய ட்யூன் விளிம்புல இருந்தா இப்போ விளிம்பைத் தாண்டியிருக்கும். மீட்டரை ஏஎஃப்ஆர்ல வெச்சுக் குழம்பாதீங்க, லாம்டாவுக்கு மாத்திடுங்க. லாம்டாவுக்கு எந்தப் பெட்ரோலா இருந்தாலும் 1 ஒண்ணுதான்.

உங்க வண்டி லாக் இருந்தா அனுப்புங்க, ரெயில் பிரஷர் கோடு கட்டாயம் இருக்கணும். அது இல்லாம "ஏன் லீன் ஆகுது"ன்னு கேட்டா நானும் சத்தம் கேக்குதான்னுதான் திருப்பிக் கேப்பேன். அடுத்த வாரம் இன்டர்கூலர்.