பெட்டிக்கும் ஒரு தேதி போடுங்கள்

போனில் ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறீர்கள். திரையில் தெரிவது ஒரு படிவம்தான். அதுக்குப் பின்னால் லாகின், பணம் கட்டும் பகுதி, எஸ்.எம்.எஸ். அனுப்பும் பகுதி, தரவுத்தளம்னு எத்தனையோ உறுப்புகள் ஓடுகின்றன. இவற்றைப் பெட்டிகளாக வரைந்து அம்புக்குறியால் இணைத்துக் காட்டுவதுதான் மென்பொருள் கட்டமைப்பு வரைபடம்.

நான் பொறியாளர் இல்லை, எழுதுகிற ஆள். இந்த மாதிரி வரைபடங்களைப் பார்க்கும்போது எனக்கு உறுத்துவது ஒன்றுதான். எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருக்கும். எது புதுசு, எது ஓய்வுபெறப் போகுது, எதை எடுத்தே போட்டாச்சுன்னு தெரியாது. பால் பாக்கெட் வாங்கினாலே தேதி பார்க்கிறவங்க நாம!

தேதியைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும்? தென்னாப்பிரிக்க வருவாய்த் துறையின் கதையைக் கேளுங்கள். அவர்களுடைய இணைய வரித்தாக்கல் படிவங்கள் சில அடோபி ஃபிளாஷில் இயங்கின. 2020 இறுதியோடு ஃபிளாஷை நிறுத்தப் போகிறோம் என்று அடோபி 2017 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. மூன்றரை வருஷ அவகாசம்! ஆனாலும் 2021 ஜனவரி 12 அன்று ஃபிளாஷ் முடக்கப்பட்டபோது சில படிவங்கள் மாற்றப்படாமலே இருந்தன. அந்த மாதமே துறை, ஃபிளாஷ் ஓடுவதற்காகவே தனியாக ஒரு பிரவுசரை வெளியிட்டது. அதுவும் விண்டோஸ் கணினிக்கு மட்டும். போனை மட்டும் நம்பியிருந்தவருக்கு அதனால் என்ன பயன், சொல்லுங்க?

அறிவிப்பு எங்கோ ஒரு செய்தியில் கிடந்தால் மறந்துபோகும். வரைபடத்திலேயே இருந்தால் தினமும் கண்ணில் படும். செய்வதும் சுலபம்தான். வரப்போகும் உறுப்புக்குப் புள்ளிக் கோடு, ஓடிக்கொண்டிருப்பதற்கு முழுக் கோடு, விடைபெறப் போவதற்குச் சாம்பல் நிறம். சாம்பல் பெட்டிக்குள் மூன்று விவரம் வேண்டும்: நிற்கும் தேதி, அதற்குப் பதிலாக வருவது, பொறுப்பாளர் பெயர். என்னைக் கேட்டால் மூணாவதுதான் முக்கியம். பெயர் இல்லாத தேதியை யாரும் சீண்ட மாட்டார்கள்.

அம்புக்குறிகளையும் விடக்கூடாது. சாம்பல் பெட்டியை நோக்கி இன்னும் எத்தனை அம்பு வருகிறதோ, அத்தனை சேவை அதை நம்பி நிற்கிறது என்று அர்த்தம். கடைசி அம்பு போன பிறகுதான் பெட்டியை எடுக்கணும். எடுத்த பிறகும் பழைய வரைபடத்தை அழிக்காமல் தேதி போட்டுச் சேமித்து வைக்க வேண்டும். "இந்தத் தகவல் அப்போ எங்கே இருந்தது?" என்று நாளைக்கு யாராவது கேட்டால் அதுதான் பதில் சொல்லும்.

இன்னொன்று. அந்த வரைபடத்தின் ஓரத்தில் உங்கள் போனும் ஒரு பெட்டிதான். "இந்தப் பதிப்பில் செயலி இயங்காது" என்று செய்தி வந்தால், தேதி முடிந்தது உங்கள் பக்கப் பெட்டிக்கு. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் போன் போய்ப் பாருங்க. பாதுகாப்புப் புதுப்பிப்பு கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்று தெரியும். விண்டோஸ் 10 கணினி வைத்திருப்பவர்களுக்கு, அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது.

ஒரு தளம் மாறப்போகிறது என்று அறிவிப்பு பார்த்தால், பாதியில் நிற்கும் விண்ணப்பத்தை முதலில் முடிங்க. ரசீதையும் சான்றிதழையும் பி.டி.எஃப்.பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்ப எண்ணைத் தனியாகக் குறித்து வையுங்கள்.