வரலாற்று மாணவனும் அவன் வினாவும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



இலக்கிய மேடையில் வரலாற்று ஆசிரியனுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். இலண்டன் நகரப் பள்ளியொன்றில் நான் பல்லாண்டுகளாக வரலாறு கற்பித்து வருவதை அறிந்த பெற்றோர் சிலர், "எந்தத் தலைப்பை எடுத்தால் பிள்ளைக்குக் கூடுதல் புள்ளி கிடைக்கும்?" என்று என்னிடம் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு விடையாகவே விழாக் குழுவினர் இவ்வுரையை வேண்டினர். தலைப்பு வேறு, வினா வேறு என்பதே என் விடை.

இந்நாட்டில் உயர்தர வகுப்பில் வரலாறு பயிலும் மாணவர், தாமே தேர்ந்த ஒரு வினாவை ஆராய்ந்து கட்டுரை எழுத வேண்டும். ஏ.கியூ.ஏ. தேர்வு வாரியத்தின் விதிப்படி அது 4,500 சொற்களுக்கு மேற்படலாகாது. ஏறத்தாழ நூறாண்டுக் காலப் பின்னணியில் அமைதல் வேண்டும். மூல ஆவணங்கள் மூன்றையேனும், வரலாற்றறிஞர் இருவரின் கருத்துகளையேனும் எடைபோட்டிருத்தல் வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் நூற்றுக்கு இருபது இதற்குரியது. விதிகள் இவ்வளவே. வினாவை எங்கிருந்து பெறுவது என்பதை எந்த விதியும் சொல்லித் தருவதில்லை.

சில ஆண்டுகளின் முன் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவன் குடும்பம் இலங்கை மலையகத்திலிருந்து இங்கு வந்தது. மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதப்போவதாக அவன் சொன்னபோது, நான் அவனைத் தடுத்தேன். ஹிட்லரின் எழுச்சி பற்றி எழுதினால் நூல்கள் எளிதில் கிடைக்கும், புள்ளியும் கிடைக்கும் என்று அறிவுரை கூறினேன். அது சோம்பேறித்தனமான அறிவுரை. அவனுக்கன்று, எனக்கு வசதியான அறிவுரை. அவன் மறுவாரம் வந்து, தன் அப்பாயி சொன்னதை மட்டும் சொன்னான்: "நாம பஞ்சம் பொழைக்க வந்தவங்க." ஆனால் அவனுடைய சின்னத் தாத்தாவோ, "பஞ்சம் பிழைக்க வரவில்லை, ஆசை காட்டி இழுத்து வந்தார்கள்" என்று வாதிடுவாராம். ஒரே வீட்டில் இரண்டு வரலாறுகள்! வினா அங்கேதான் பிறந்தது.

எனினும் அது உடனே உருப்பெறவில்லை. "மலையகத் தமிழரின் வரலாறு" என்பது வினாவன்று. நூலகத்தில் ஓர் அலமாரி. "மலையகத் தமிழர் ஏன் வஞ்சிக்கப்பட்டனர்?" என்று அடுத்து எழுதி வந்தான். அதில் விடை முன்னமே குடிபுகுந்துவிட்டது. மூன்று வாரம் எழுதியும் அடித்தும் அவன் கண்ட வடிவம் இது: "1830 முதல் 1939 வரை தென்னிந்தியத் தொழிலாளர் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றமைக்குப் பஞ்சமும் வறுமையும் எந்த அளவுக்குக் காரணம், கங்காணி முறை எந்த அளவுக்குக் காரணம்?"

இவ்வினாவின் சிறப்பு, சான்று இரு பக்கமும் இழுப்பதே. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்றனர். 1877இல் இலங்கைக்கு வந்தோர் தொகை பெரிதும் உயர்ந்தது. அப்பஞ்சத்தைப் பற்றி வில்லியம் டிக்பி 1878இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட நூல் இன்று கணினியிலேயே கிடைக்கிறது. (சென்னையில் பத்திரிகை ஆசிரியராய் இருந்த அவர், அதற்கு முன் இலங்கைப் பத்திரிகையிலும் பணியாற்றியவர் என்பது எம் மாணவனுக்குப் பெருமகிழ்ச்சி.) இதனை மட்டும் நோக்கின் அப்பாயியே வென்றார். ஆனால் பஞ்சமே முழுக் காரணமெனின், பஞ்சம் நீங்கியபின் வரவு அற்றிருக்க வேண்டுமே? அறவில்லை. 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் காப்பிப் பயிரை அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. காப்பிக்குப் பறிக்கும் பருவத்தில் ஆள் வந்தாற் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும். ஆதலால் குடும்பங்களே தேவைப்பட்டன. கங்காணி ஊருக்குச் சென்று, முன்பணம் கொடுத்து, உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்தான். அம்முன்பணமே கடனாயிற்று. "துண்டு" என்னும் சீட்டில் அக்கடன் எழுதப்பெற்றது. கடனைச் செலுத்தும் தோட்டத்திற்கு ஆட்கள் மாறினர். 1921இல்தான் அம்முறை ஒழிக்கப்பட்டது. 1939இல் இந்திய அரசு பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடுத்தது. வினாவின் எல்லை அங்கு முடிந்தது.

அறிஞர்களில் டொனோவன் மோல்ட்ரிச், பேட்ரிக் பீபிள்ஸ் இருவரையும் எடுத்தான். வந்து போகும் பருவப் பறவைகள் என்று தோட்டத் துரைமார் தீட்டிய சித்திரத்தைப் பீபிள்ஸ் ஏற்கவில்லை. பலர் முன்னரே வேரூன்றிவிட்டனர் என்பது அவர் முடிவு.

இடையில் ஒருநாள் அவன் எழுதுவதை நிறுத்திவிட்டான். காரணம் கேட்டேன். "தாமாகவே வந்தார்கள் என்று சான்று காட்டினால், வந்தேறிகள் என்று சொன்னவர்களுக்கு நானே துணைபோனவன் ஆவேனா, சேர்?" என்றான். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராய் ஆக்கப்பட்டோரின் வழிவந்தவன் அவன். 1964 ஒப்பந்தத்தின்படி உறவினர் பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதைக் கேட்டு வளர்ந்தவன். அவ்வச்சத்தை எளிதாய்த் தள்ள எனக்கு மனம் வரவில்லை. பிறந்த மண்ணின் உரிமை, கொள்ளுப்பாட்டன் கப்பலேறிய காரணத்தைப் பொறுத்ததன்று என்று மட்டும் சொன்னேன். அவன் இரண்டு நாள் கழித்து மீண்டும் எழுதத் தொடங்கினான். சான்றைக் கண்டு அஞ்சியும் அதனை மறைக்காது எழுதிய அந்தப் பக்கங்களே கட்டுரையில் சிறந்தவை என்பது என் கணிப்பு.

மற்றொரு இடர்ப்பாடு, தொழிலாளரின் சொந்தக் குரல் ஆவணங்களில் அரிது என்பது. துரைமாரும் அதிகாரிகளும் எழுதினர், அவர்கள் எழுதவில்லை. அங்கேதான் இலக்கிய வட்டத்தாராகிய உங்களுக்கு உரிய பகுதி வருகிறது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலையக நாட்டார் பாடல்களை அவன் மூலச்சான்றாய்க் கொண்டான். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பதே அவனுக்குக் கடினம். அப்பாயி பாடிக் காட்ட, அவன் ஆங்கிலத்தில் பொருள் எழுதினான். பாடல் எந்த ஆண்டினது, யார் முன் பாடப்பட்டது என்று தேர்வாளர் கேட்பாரே என எச்சரித்தேன். அந்த ஐயத்தையும் கட்டுரையிலேயே எழுதிச் சேர்த்தான்.

துண்டு என்றால் என்னவென்று அப்பாயியிடம் அவன் கேட்டிருக்கிறான். அவருக்குத் தெரியவில்லை, அவர் பிறக்குமுன்பே ஒழிந்தது அது. "துண்டு தெரியாதுடா, பற்றுச்சீட்டுத் தெரியும்" என்று, தம் தந்தையாரைத் தோட்டத்திலிருந்து நீக்கிய நாளை அன்றுதான் முதன்முறையாகப் பேரனுக்குச் சொன்னாராம். 1939க்குப் பிற்பட்டது ஆகையால் கட்டுரையில் அதற்கு இடமில்லை. அதைத் தனியே ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான்.