உப்பும் கரிந்த நெல்லும்



மரக்காணத்து உப்பளங்களில் கோடை வெயில் உவர்நீரை வற்றச் செய்ய, பாத்திகளில் உப்பு விளைகிறது. பக்கிங்காம் கால்வாய் வந்து முடியும் இக்கரையையே சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமாக அறிஞர் பலர் கொள்வர். ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்குரிய நெய்தல் நிலத்துப் பட்டினம் அது. உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாடு சென்ற உமணர், அதற்கு ஈடாக நெல்லைப் பெற்றனர் என்பதைச் சங்கப் பாடல்களால் அறிகிறோம்.

அந்தப் பண்டமாற்றின் இரு பொருள்களில் எது மண்ணில் சான்றாக நிற்கும்? உப்பு நில்லாது, மழையில் கரைந்துவிடும். நெல்லும் பெரும்பாலும் நில்லாது. முளைத்தோ மட்கியோ மறையும். ஆனால், அடுப்படியில் சிந்திக் கரிந்த நெல் ஈராயிரம் ஆண்டும் நிற்கும். அழிக்கும் இயல்புடைய நெருப்பே இங்குக் காவலும் ஆகிறது.

இது நிகழும் முறை எளிது. சாம்பலுக்குள்ளோ தானியக் குவியலின் அடியிலோ, காற்று குறைந்த இடத்தில், ஏறத்தாழ 250 முதல் 400 பாகை செல்சியஸ் வெப்பம் விதையைத் தாக்குகிறது. நீர் வெளியேற, மாவுப்பொருளும் புரதமும் சிதைந்து கரிமம் மிகுந்த பொருளாகின்றன. அதனை நுண்ணுயிர்கள் எளிதில் உண்பதில்லை; பூச்சிகளும் தீண்டுவதில்லை. கொழுந்துவிட்டெரியும் தீயில் வீழ்ந்த விதையோ சாம்பலாகிவிடும். அப்போதும் உமியிலுள்ள சிலிக்கா நுண்கூடுகள் எஞ்சி நின்று, நுண்ணோக்கியில் நெல்லை அடையாளம் காட்டுவதுண்டு.

எனினும், நெருப்பு காத்துத் தருவது விதையின் பழைய உருவத்தை அன்று. கரியும்போது தானியத்தின் நீளம் குறுகும்; பக்கங்கள் உப்பும். ஈரமுள்ள தானியம் விரைந்து சூடேறினால் பொரிபோல் வெடிக்கும். முளைக்கரு உதிர்ந்து, அது இருந்த இடத்தில் குழி மட்டும் நிற்கும். பயறு தோலை இழந்து இரு பருப்பாகப் பிளக்கும். எள் போன்ற எண்ணெய் வித்துகள் உருக்குலைந்து எளிதில் அழியும். இவற்றை அறியாதவர், குறுகிய நெல்லைக் கண்டு வேறு நெல்வகை என்பர். எள் கிடைக்காமையால் அக்காலத்து மக்கள் எள்ளையே அறியார் என்பர். இரண்டும் பிழையாகலாம். ஆதலின் ஆய்வாளர் இன்றைய விதைகளைத் தாமே உலையிலிட்டுக் கரித்து, அவற்றோடு பழைய விதைகளை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்.

மற்றொன்றும் கருதத்தக்கது. கீரையும் கிழங்கும் மீனும் உண்ட ஊரில் நெல்லும் கொள்ளுமே கரியாகக் கிடைக்கலாம். வறுத்தலும் புடைத்தலும் அடுப்பருகே நிகழ்ந்தமையே அதற்குக் காரணம். அகழ்ந்த மண்ணை நீரிலிட்டுக் கலக்கினால் கரிந்த விதைகள் மிதந்து வரும். கொடுமணல், மாங்குடி, பேரூர் ஆகிய ஊர்களின் தொல்பயிர்கள் கரிந்த விதைகளைக் கொண்டே ஆராயப்பெற்றன. 1960களில் அகழப்பட்ட பையம்பள்ளியில் கரிந்த கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன.

ஈமச்சின்னங்களில் கிடைக்கும் நெல் வேறு வகையினது. அது தவறிச் சிந்தியதன்று; இறந்தார்க்கென வைத்தது. பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், நான்கு கால் சாடி ஒன்றில் ஏறத்தாழ 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. சிவகளை முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021-இல் அறிவிக்கப்பட்டது. மரக்கரியைவிட நெல்லின் காலக்கணிப்பு நம்பத்தக்கது. மரத்தின் உள்வைரம் அது வெட்டப்படுவதற்கு நூறாண்டு முன்னதாகவும் இருக்கலாம், நெல்லோ ஒரு பருவத்துப் பயிர்.

தாழி நெல் மக்கள் எதனைப் போற்றினர் என்பதைக் கூறும். அடுப்படி நெல் அவர்கள் அன்றாடம் எதனை உண்டனர் என்பதைக் கூறும். நெல் விளையாத உப்புக்கரையில் உமணர் கொணர்ந்த நெல்லுக்கு இவ்விரண்டாம் சான்றே மிகவும் வேண்டுவது. ஆனால் அதற்கு இங்கே இடர் அதிகம். கரிந்த விதையின் நுண்துளைகளில் உவர்நீர் புகுந்து காயும்போது, விளையும் உப்புப் படிகம் விதையைப் பிளந்துவிடக்கூடும். எஞ்சியதை மண்வெட்டி அழிக்கிறது.

நெய்தலைப் பாடும் கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். இக்கரையில் கிணறோ அடித்தளமோ தோண்டும்போது, பழைய பானையோடுகளுடன் கரியும் சாம்பலும் கலந்த மண் தென்பட்டால், அதனைக் குப்பையென வாரிக் கொட்ட விடாதீர்கள். தோண்டுவதை நிறுத்தச் சொல்லித் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். உமணர் வண்டி திரும்பி வந்ததற்கு அந்தக் கைப்பிடிக் கருமண்ணிலேயே சான்று இருக்கக்கூடும்.