விசைமேல் அமரும் எழுத்து



போர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் பயில்கின்றனர். கணினியில் ‘அம்மா’ என்று எழுதவும் ஆங்கில எழுத்தையே தட்டுகின்றனர். தமிழெழுத்து அவர்தம் கண்ணிற் படுவதெங்கே? ஆதலின் விசைமூடிகளைப் பற்றிப் பேச விழைகின்றோம்.

இயந்திர விசைப்பலகையில் ஒவ்வொரு விசையின் மூடியையும் கழற்றி வேறொன்று பொருத்தலாம். ஆர்வலர் பலர் தாமே மூடிகளை வரைந்து செய்விக்கின்றனர்.

247 எழுத்துக்கும் இடமேது என்று மலைக்க வேண்டா. யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா தட்டச்சுப் பொறிக்கே வழி கண்டவர். புள்ளி முதலிய குறிகளைத் தட்டும்போது தாள் நகராதபடி அமைத்தார். தமிழக அரசு 1999இல் ஏற்ற ‘தமிழ்99’ முறைக்கு உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 எழுத்துகளே அடிப்படை. அ, ம, ம, ஆ என நான்கே தட்டில் ‘அம்மா’ தோன்றும். புள்ளி தானே விழும்!

வரைவதில்தான் தொல்லை. ‘ட’ எளிதில் அடங்கும். ‘ஔ’ மூடியை நெருக்கும். அதற்காக அனைத்தையும் சிறிதாக்குதல் தகாது. தமிழ் நடுவிலும் ஆங்கிலம் மூலையிலும் நிற்கட்டும். மேலே அச்சிட்ட மை விரல் பட்டுத் தேயும். இருநிற நெகிழியை அடுத்தடுத்து வார்த்தால் எழுத்து அழியாது. ஆனால் எழுத்துதோறும் அச்சு வேண்டும், செலவு மிகும். சிறு தொகைக்கு வெப்பத்தால் சாயமேற்றுவதே ஏற்றது.

முதலில் காகிதத்தில் வரைந்து பழைய பலகையில் ஒட்டிப் பார்ப்போம். ‘ண’வும் ‘ன’வும் வேறாகத் தெரிகின்றனவா என்று பிள்ளைகளே சொல்லட்டும்.